லாம்பு அணையாத கிணறு

ரிஷாத் ஸேர் ஷிம்லாவின் விரலை உடைத்தது ஒரு புதன்கிழமை, மூன்றாம் பாடத்தில். நான் ஆய்வுகூடத்தின் பின்வாசலைக் கழுவிக்கொண்டிருந்தேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் கூட்டித் துடைப்பதும் ஆசிரியர்களுக்குத் தேநீர் ஊற்றுவதும் என் வேலை என்பதால் பிரம்பு விழும் சத்தம் எனக்குப் பழக்கம். அன்று கேட்டது அதுவல்ல. காய்ந்த முருங்கைக் குச்சியை யாரோ மிதித்தது போல இருந்தது. உள்ளே ஸேருடைய வகுப்பை எட்டிப் பார்த்தேன். பிள்ளை அழவில்லை. வலது கையை இடது கையால் ஏந்திக்கொண்டு, அது தன்னுடையதா என்று பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஸேர் இந்த ஊர்க்காரர். குறிஞ்சிப்பிட்டிக்குக் கொஞ்சம் அப்பால், கடலுக்கும் களப்புக்கும் நடுவில் கிடக்கிற வெங்காயத் தோட்டங்களில் ஒன்று அவருடைய வாப்பாவுக்குச் சொந்தம். அந்த மனிதர் கையால்தான் பேசுவார். பாத்திக்குத் தண்ணீர் கட்டுகிற நேரத்தில் புத்தகம் பார்த்தான் என்று மகனை அறைந்ததில் இடது காது கேட்காமல் போயிற்று. அப்போது ரிஷாத் ஸேருக்குப் பதினொரு வயது. அதனால் யார் பேசினாலும் வலது பக்கத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார். புதிய பிள்ளைகள் அதைத் தலைக்கனம் என்று நினைப்பார்கள். வாப்பாவைப் பற்றி அவர் குறை சொன்னதே கிடையாது. "அவர் அடிக்காட்டி நான் இண்டைக்கும் வெங்காயம் நட்டுட்டுத்தான் இருப்பன்" என்பார். விஞ்ஞானம் படித்து, ஆசிரியராகி, வேறு இடத்துக்கு மாற்றம் கேட்காமல் ஊருக்கே திரும்பி வந்தவர் அவர் ஒருவர்தான். பரீட்சை நாட்களில் விடியும்போதே மோட்டார் சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போய், பாத்திக்குள் குனிந்திருக்கும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவார். மறித்த தகப்பன்மாரோடு கைகலந்தும் இருக்கிறார். அடிபட்டு வளர்ந்த பிள்ளைதான் ஆளாகும் என்பது அவர் நம்பிக்கை. பதினொரு வருஷம் அப்படித்தான் படிப்பித்தார். ஊரும் அதைக் குறையாக நினைக்கவில்லை.

அவருடைய பாடங்களில் ஊர் மறக்காத பாடம் ஒன்று இருந்தது. கோடையில் இங்கே கிணற்று நீர் அடிக்குப் போய்விடும். தண்ணீர் இறைக்கிற பழைய எண்ணெய் மெஷின்களுக்கு மேலே நின்று உறிஞ்சப் பலம் போதாது. அதனால் கிணற்றுக்குள்ளேயே பலகை கட்டி, மெஷினை இறக்கி ஓட்டுவார்கள். இடையில் நின்றுபோனால் யாராவது இறங்கி மறுபடி உயிர் கொடுக்க வேண்டும். ஸேர் ஒரு கண்ணாடிப் போத்தலில் வினாகிரியும் சோடாத் தூளும் போட்டு, எரிகிற மெழுகுதிரியை உள்ளே இறக்குவார். பொசுக்கென்று அணையும். "பார்த்தீங்களா? நஞ்சுக் காத்து இருந்தா நெருப்பு நிக்காது. கிணத்துக்குள்ள இறங்க முதல் ஒரு லாம்ப இறக்குங்க. அணைஞ்சா இறங்காதீங்க. எரிஞ்சா பயமில்ல" என்பார். பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொன்னார்கள். இப்போது ஒவ்வொரு மெஷின் கொட்டிலிலும் ஒரு குப்பிலாம்பு தொங்கும். அதற்குப் பெயரே 'ஸேர்ட லாம்பு'.

போன வருஷம் பஸீஹா டீச்சர் புத்தளத்திலிருந்து மாறி வந்தார். பாலாவியில் இறங்கி, பஸ் மாறி, தினமும் தூசியோடு வந்து சேருவார். அவர்தான் சீட்டுப் பழக்கத்தைக் கொண்டுவந்தவர். பாடம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஒரு கேள்வி. பிள்ளைகள் துண்டுக் காகிதத்தில் தாங்கள் நினைக்கிறதை எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குப் புள்ளி கிடையாது. பிள்ளை எங்கே பிழையாக விளங்கியிருக்கிறது என்று ஆசிரியர் தெரிந்துகொள்ளத்தான். செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் விஞ்ஞானம் படிப்பிக்கிற மூன்று பேரும் ஆய்வுகூட மேசையில் சீட்டுகளைக் கொட்டிக் குவியல் குவியலாகப் பிரிப்பார்கள். மூன்றாவது ஆள், ஆறாம் ஏழாம் வகுப்புக்குப் படிப்பிக்கிற அல்பொன்சா டீச்சர். நான் பிளேன்டீ வைத்துவிட்டு மூலையில் போத்தல்களைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

"இங்க பாருங்க, வெயில்தான் உப்பச் செய்யுதாம்!" என்று ஒருநாள் அல்பொன்சா டீச்சர் சிரித்தார். "உப்பளத்துக்குப் பக்கத்தில பிறந்த பிள்ள எழுதியிருக்கு."

"சிரிக்காதீங்க டீச்சர். அது கண்ணால கண்டதத்தானே எழுதியிருக்கு. நாளைக்கு ரெண்டு தட்டு வைங்க. ஒண்டில களப்புத் தண்ணி, மத்ததில மழைத் தண்ணி. ரெண்டுக்கும் ஒரே வெயில். எதில உப்பு வருதெண்டு பிள்ளையே பார்க்கட்டும்" என்றார் பஸீஹா டீச்சர்.

பிறகு ரிஷாத் ஸேருடைய குவியலை எடுத்தார். முப்பத்தொரு சீட்டு. முப்பத்தொன்றிலும் ஒரே வசனம்.

"ஸேர், உங்கட வகுப்பில முப்பத்தொரு பிள்ளையா, ஒரு பிள்ளையா?"

"விடை சரிதானே?"

"சரிதான். ஆனா இத பிள்ளைகள் எழுதல்ல. உங்கட பிரம்பு எழுதியிருக்கு."

ஸேர் கதிரையைக் காலால் உதைத்துவிட்டு எழுந்தார். கதிரை அலுமாரியில் போய் மோதியது. பஸீஹா டீச்சர் அசையவில்லை. "ஒரு கிழமை ஸேர். பிரம்ப வைங்க. பேர் எழுதாத சீட்டு வாங்குங்க. வாசிக்காம இந்த மேசைக்குக் கொண்டு வாங்க. மூணு பேருமாப் பார்ப்பம்" என்றார். அல்பொன்சா டீச்சர் பிரம்பை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். "திறப்பு என்ட பேக்கில. வேணுமெண்டா எங்கட வீட்டுக்கு வாங்க, மீன்கறியும் தாறன்."

ஸேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கேள்வியை அவரே சொன்னார். கோடை தொடங்கிவிட்டதால் கிணற்றைப் பற்றித்தான் கேட்க வேண்டும் என்றார்: 'மெஷின் கிணற்றுக்குள் ஓடி நின்றது. லாம்பை இறக்கினோம். அணையவில்லை. இறங்கலாமா? ஏன்?'

மறுநாள்தான் அந்தப் புதன்கிழமை.

வாசிக்காமல் கொண்டுவர வேண்டும் என்பதுதான் பேச்சு. ஸேரால் பொறுக்க முடியவில்லை. வகுப்பிலேயே ஒவ்வொன்றாகப் பிரித்தார். 'இறங்கலாம், இறங்கலாம்' என்று வந்துகொண்டே இருந்தது. ஒரு சீட்டில் நின்றார். பெயர் இல்லாவிட்டாலும் எழுத்தை அவருக்குத் தெரியும்.

"ஷிம்லா, எழும்பு. 'இறங்கக் கூடாது. லாம்பு எரியும். ஆனால் ஆள் மௌத்தாவார்.' இத எங்க படிச்ச?"

"படிக்கல்ல ஸேர். பார்த்த."

"என்னத்தப் பார்த்த? மெழுகுதிரி அணைஞ்சதப் பார்க்கல்லயா?"

"அது அணைஞ்சதுதான் ஸேர். கிணத்தில அணையல்லயே."

பின்வாங்கில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் காரியத்தைக் கெடுத்தது. பிரம்பு அலுமாரிக்குள் இருந்தது. அவர் எடுத்தது கரும்பலகையில் கோடு போடுகிற மர அடிமட்டத்தை. "கைய நீட்டு" என்றார். பிள்ளை பயத்தில் விரல்களை மடக்கினாள்.

பின்னேரம் மூன்று ஆசிரியர்களும் ஆய்வுகூடத்தில் இருந்தார்கள். பஸீஹா டீச்சர் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கட்டுப் போட்டு வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். அப்போது ஷிம்லாவின் வாப்பா ஜபார் உள்ளே வந்தார். கையில் மண்வெட்டிப் பிடி.

முதல் அடி மேசையில் விழுந்தது. போத்தல்கள் பறந்து உடைந்தன. இரண்டாவது ஸேரின் தோளில். மூன்றாவது புருவத்துக்கு மேலே. தோல் பிளந்து, இரத்தம் கண்ணை மூடி, மேசையில் கிடந்த சீட்டுகளில் கொட்டியது. ஸேர் கையைத் தூக்கவே இல்லை. நாலாவது அடி ஓங்கியபோது அல்பொன்சா டீச்சர் பிடியின் நுனியை எட்டிப் பிடித்துத் தொங்கினார்.

"விடுங்க டீச்சர்! உங்களுக்குப் படும்!"

"படட்டும்! இத்தின நாள் பக்கத்து வகுப்பில இருந்து சத்தத்தக் கேட்டுட்டு இருந்தவ நான். எனக்கும் படட்டும்!"

ஜபார் பிடியை விட்டார். அவருக்கு மூச்சு வாங்கியது. "இவன்ட வாயால கேளுங்க டீச்சர். என்ட தம்பி நளீம் கிணத்தில மௌத்தான அண்டைக்கு இவன் என்ன சொன்ன? லாம்பு எரிஞ்சதுதானே, அப்ப காத்தில குத்தமில்ல, நெஞ்சு வலிதான் எண்டான். மையித்துக்குப் பக்கத்தில நிண்டு சொன்னான்! ஊர் நம்பிச்சு. நானும் நம்பின. என்ட மகள் மட்டும் நம்பல்ல. பன்னெண்டு வயசில லாம்புக் கயித்தப் பிடிச்சிட்டு மேல நிண்டவள் அவள். சாச்சா விழுந்ததயும் கண்டாள், லாம்பு எரிஞ்சதயும் கண்டாள். அதத்தான் எழுதினாள்!"

ஸேர் ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்தார். "லாம்பு எரிஞ்சா காத்து நல்லம் ஜபார் நாநா" என்றார். இரத்தம் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. "அது விஞ்ஞானம்."

ஜபார் காறித் துப்பிவிட்டுப் போனார்.

ஸேருக்கு ஆறு தையல். பள்ளி அதிபர் இரண்டு வீட்டுக்கும் நடையாய் நடந்ததால் பொலிசுக்கு ஒருவரும் போகவில்லை. ஷிம்லா பள்ளிக்கு வரவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஸேர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. தலையில் கட்டோடு வந்து இருந்தார். பஸீஹா டீச்சர் சீட்டுகளைப் பிரித்து வைத்தார். சில இரத்தத்தில் ஒட்டிக் கிடந்தன. நகத்தால் உரித்து எடுத்தார். 'இறங்கலாம்' என்ற பக்கத்தில் முப்பது. மற்றப் பக்கத்தில் ஒன்று.

"ஸேர், மெஷின் புகையில என்னென்ன இருக்கு?"

"காபனீரொட்சைட்டு. நீராவி." கொஞ்சம் நின்று, "காபன் மொனொக்சைட்டு" என்றார்.

"அதுக்கு மணம் இருக்கா?"

"இல்ல."

"நெருப்ப அணைக்குமா?"

வெளியே வேலிக்கு அப்பால் ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஸேர் அதைக் கேட்பதற்கென்றே வலது காதைத் திருப்பினார்.

"அணைக்காது" என்றார். "கொஞ்சம் இருந்தாலே ஆளக் கொல்லும். இரத்தத்தில ஒட்சிசன் ஏற வேண்டிய இடத்த அது பிடிச்சிரும். நெருப்புக்கு அது தெரியவே தெரியாது." குரல் தாழ்ந்துவிட்டது. "இத நான் படிப்பிச்சிரிக்கன் டீச்சர். வாகனப் புகை எண்ட பாடத்தில. லாம்பு வேற பாடம். வேற மாசம். ரெண்டயும் நான் ஒருநாளும் சேர்த்துப் பார்க்கல்ல."

"எங்களுக்கும் அந்தக் கேள்வி சரியெண்டுதானே பட்டிச்சு. நானும் 'இறங்கலாம்' எண்டுதான் நினைச்ச" என்றார் அல்பொன்சா டீச்சர் மெதுவாக. "பஸீஹா வீட்டுக்குப் போய்ப் புத்தகம் பார்த்துச் சொன்ன பிறகுதான் எனக்கும் விளங்கிச்சு."

ஸேர் தையல் போட்ட நெற்றியை உள்ளங்கையால் அடித்துக்கொண்டார். ஒருமுறை, இரண்டுமுறை. கட்டு நனைந்து சிவந்தது. பஸீஹா டீச்சர் கையைப் பிடிக்கவில்லை. "அதுக்கு நேரமில்ல ஸேர். எத்தின கொட்டில்ல உங்கட லாம்பு தொங்குது?" என்று மட்டும் கேட்டார்.

அவர் எண்ணிப் பார்த்தாரோ என்னவோ, முகம் வெளுத்துப்போயிற்று. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசலில் எழுந்து சொல்வதாகச் சொன்னார். அப்போதுதான் எல்லா ஆண்களும் ஓரிடத்தில் இருப்பார்கள்.

"வெள்ளிக்கு மூணு நாள் இரிக்கு ஸேர்."

"மூணு நாள்தானே டீச்சர். எப்பிடிச் சொல்றதெண்டு யோசிக்கணும். நளீம்ட விஷயமும் இரிக்கு."

வெட்கம்தான் அவரை மறித்தது. அது எங்கள் மூவருக்கும் தெரிந்தது. வெள்ளிக்கிழமை வரை பொறுக்க நாங்களும் சம்மதித்தோம்.

வியாழக்கிழமை, பள்ளி விடுகிற நேரம். ஷிம்லா கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, செருப்பில்லாமல் படலைக்குள் ஓடி வந்தாள். நேரே ரிஷாத் ஸேர் முன்னால் வந்து நின்றாள்.

"றிஸ்கான் நாநா லாம்ப இறக்கிட்டாரு ஸேர். இறங்கப் போறாரு. மெஷின் காலையில இரிந்து உள்ளுக்க ஓடிட்டு இரிந்திச்சு. வேணாமெண்டு கத்தினன். சின்னப்பிள்ள போ எண்டு சிரிக்காங்க. வாப்பா களப்புப் பக்கம், கூப்பிட ஒருத்தரும் இல்ல. நீங்க வாங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க. நீங்கதானே அவருக்குச் சொல்லிக் குடுத்த."

றிஸ்கானுக்கு இருபத்து நாலு வயது. ஸேரிடம் படித்தவன். ஸேர் மோட்டார் சைக்கிளை மிதித்தார். நானும் பஸீஹா டீச்சரும் ஷிம்லாவோடு பின்னால் ஓடினோம். பள்ளியின் பின்வேலியைத் தாண்டினால் கால் மைல்தான்.

நாங்கள் போனபோது றிஸ்கான் கிணற்றின் அடியில் கிடந்தான். மெஷினைக் கட்டிப்பிடித்தது போல, முகம் பலகையில் படிந்திருந்தது. அவன் தலைக்கு ஒரு முழம் மேலே கயிற்றில் லாம்பு தொங்கியது. சுடர் அசையாமல் நின்றது. அவனுடைய நாநா அஸ்ஜத் ஒரு காலைக் கிணற்றுக் கட்டுக்கு உள்ளே போட்டிருந்தான். ஸேர் அவனுடைய கழுத்தைப் பின்னாலிருந்து வளைத்துப் பிடித்து இழுத்தார்.

"விடுங்க ஸேர்! தம்பி கீழ கிடக்கான்!"

"இறங்கினா நீயும் கிடப்பாய்!"

"லாம்பு எரியுதே! கண் தெரியல்லயா? எரிஞ்சா பயமில்லயெண்டு நீங்கதானே சொன்ன!"

"நான் சொன்னது பிழ! கேக்குதா? பிழயாப் படிப்பிச்சிட்டன்!"

அஸ்ஜத் அவர் கையைக் கடித்தான். சதை கிழிந்தது. ஸேர் விடாமல் அவனைத் தூக்கி வெங்காயப் பாத்தியில் அடித்தார். அவன் எழுந்து மறுபடி கிணற்றுக்கு ஓடினான். ஸேர் குறுக்கே விழுந்து முகத்தில் குத்தினார். அஸ்ஜத்தின் வாயிலிருந்து பல்லோடு இரத்தம் வந்தது. அவன் பக்கத்தில் கிடந்த இரும்புக் குழாயை எடுத்து ஸேரின் விலாவில் மாறி மாறி அடித்தான். ஒவ்வொரு அடிக்கும் ஸேர் குனிந்தார், ஆனால் கிணற்றுக் கட்டை விட்டு நகரவில்லை. "கொல்லுறான், என்ட தம்பியக் கொல்லுறான்!" என்று அஸ்ஜத் கத்தினான்.

சத்தம் கேட்டுக் களப்புப் பக்கமிருந்து வேலியைப் பிய்த்துக்கொண்டு ஜபார் வந்தார். மிச்ச அடியைக் கொடுக்கத்தான் வருகிறார் என்று நான் நினைத்தேன். அவர் கிணற்றை ஒருமுறை எட்டிப் பார்த்தார். திரும்பி அஸ்ஜத்தை இடுப்போடு பிடித்துக் குப்புறத் தள்ளி, அவன் முதுகில் ஏறி இருந்தார்.

"கொளுக்கியப் போடுங்க ஸேர்! நான் இவனப் பிடிச்சிரிக்கன்!"

வாளி விழுந்தால் எடுக்கிற மூன்று முனைக் கொளுக்கி கொட்டிலில் தொங்கியது. ஸேர் கிணற்றுக் கட்டின் மேல் குப்புறப் படுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு அதை இறக்கினார். முதல் தடவை சேர்ட் கிழிந்து வந்தது. இரண்டாவது தடவை முதுகில் வழுக்கியது. மூன்றாவது தடவை அக்குளுக்குக் கீழே, சதைக்குள் இறங்கிப் பிடித்தது. பஸீஹா டீச்சரும் நானும் ஷிம்லாவின் ஒரு கையும் கயிற்றில். இழுக்க இழுக்க இரத்தம் கிணற்றுச் சுவரில் கோடு போட்டது.

றிஸ்கானின் முகம் செக்கச்செவேலென்று, நல்ல வெயிலில் வேலை செய்துவிட்டு வந்தவன் முகம் போல இருந்தது. ஸேர் அவனுடைய நெஞ்சைக் குத்தினார், வாயில் ஊதினார், மறுபடி குத்தினார். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. நிறுத்தவில்லை. அம்பியூலன்ஸ் வரும்வரை நிறுத்தவில்லை. றிஸ்கான் உயிரோடு பாலாவியைத் தாண்டவில்லை.

கிணற்றுக்குள் லாம்பு எரிந்துகொண்டே இருந்தது. ஜபார் விட்ட பிறகு அஸ்ஜத் அதைக் கயிற்றோடு மேலே இழுத்து, கிணற்றுக் கட்டின் மேல் அடித்து நொறுக்கினான்.

மரண விசாரணை முடிந்து வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகுதான் மையித்தை எடுத்தார்கள். முற்றம் நிறைய ஆண்கள். பெண்கள் நாங்கள் வீட்டுக்குள், ஜன்னலோரம். மையித்து வைத்த சந்தூக்கைத் தூக்குவதற்கு முன் ரிஷாத் ஸேர் நடுமுற்றத்துக்கு வந்தார். விலாவில் கட்டு, கையில் கட்டு, நெற்றியில் கட்டு.

"றிஸ்கானக் கொன்னது நான் சொல்லிக் குடுத்த பாடம்" என்றார். "நளீமயும் அதுதான் கொன்னது. நெஞ்சு வலியில்ல. மெஷின் புகையில லாம்ப அணைக்காத நஞ்சு ஒண்டு இரிக்கு."

அஸ்ஜத் முன்னால் வந்து கன்னத்தில் அறைந்தான். கேட்கிற காதின் பக்கம். ஸேர் தள்ளாடினார். யாரோ பிடிக்க வந்தார்கள். அவர் கையை விலக்கிவிட்டுத் தொடர்ந்தார்.

"லாம்ப நம்பி ஒருத்தரும் இனி இறங்காதீங்க. மெஷின கிணத்துக்குள்ள வைக்காதீங்க."

அஸ்ஜத் இன்னொருமுறை அறைந்தான். ஸேர் கையைத் தூக்கவில்லை. "ஆள் விழுந்தாலும் பின்னால இறங்காதீங்க. கொளுக்கியப் போடுங்க" என்றார். மூன்றாவது அறைக்கு ஓங்கிய கையை அஸ்ஜத் பாதியில் விட்டுவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

கூட்டத்தில் ஜபார்தான் பேசினார். "உள்ள வைச்சு ஓட்டினா, எத்தின மணித்தியாலத்துக்குப் பிறகு இறங்கலாம் ஸேர்?"

ஸேர் வாயைத் துடைத்துக்கொண்டார். "தெரியாது."

"தெரியாதா?"

"தெரியாது ஜபார் நாநா. கிணத்துக்குக் கிணறு மாறும். தெரிஞ்ச மாதிரி நான் சொல்லமாட்டன்."

"வெங்காயம் வாடிப்போகுமே?"

"வாடட்டும்."

ஜபார் சாரத்தை மடித்துக் கட்டினார். "மெஷின நாளைக்குக் காலையில மேல இழுக்கணும்" என்றார், பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்து. "முதல் என்ட கிணறு. ஒருத்தரும் இறங்கப்படாது. கொளுக்கி போட்டுத்தான் இழுக்கிற. பாரம், ஆள் வேணும்." பிறகு ஸேரின் பக்கம் பார்க்காமலே, "சுபஹுக்குப் பிறகு வாங்க" என்றார்.